செம்மஞ்சள் ஜாக்கெற்றும் ஏழாம் நம்பர்க் குதிரையும்

ஹம்பேர்க்கில் பெரிய ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆட்களின் கடையில் வீடியோப் படக் கொப்பி வாடகைக்கு எடுத்தால், அதை உடனே பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். மூடாமல் கையில் பிடித்துக்கொண்டு படியேறினால் மேல் வீட்டு அண்ணை எதிரே வருவார். மட்டையைப் பார்ப்பார். "உதோ? கடைசியிலை தமையன்தான் கொலைகாரன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். அதில் குறும்பு இருக்காது. மழை வரப்போகிறது, குடையை எடுத்துக்கொண்டு போ என்று வழியில் கண்டவனுக்குச் சொல்கிற மாதிரித்தான் சொல்வார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணை, நான் காசு குடுத்து எடுத்த படம். ஏன் முடிவைச் சொல்லுறியள்?"

"எட, முடிவு தெரிஞ்சால் பயமில்லாமல் பாக்கலாமெல்லே."

அன்றைக்குத்தான் அவருக்கு முடிவு அண்ணை என்று பெயர் விழுந்தது. வைத்தது நான். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தும் ஒன்றும் ஏறாத மண்டை என்னுடையது. பட்டப்பெயர் மட்டும் அதில் நன்றாக விளையும். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், நீங்கள் வாசிக்க முதல் அவர் வாசித்துவிட்டு இதன் முடிவையும் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

ஆள் கட்டை. கழுத்து மட்டும் நீளம். மற்றவர்களின் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தே நீண்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் கோப்பி மூட்டைகள் அடுக்குகிற ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. பட்டை மினுங்குகிற செம்மஞ்சள் ஜாக்கெற்றோடுதான் போவார், அதோடுதான் வருவார். அந்த ஜாக்கெற்றில் கோப்பி மணக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வறுக்காத கோப்பிக்கொட்டைக்கு நனைந்த சாக்கு மணம்தான். அவர் ஏறினால் எஸ்-பான் ரயிலில் இரண்டு பேர் எழும்பி வேறு இடம் போய் இருப்பார்கள். "பாத்தியே, இடம் கிடைக்கும் எண்டு எனக்கு முதலே தெரியும்" என்பார்.

எஸ்-பானில் அவர் முதல் பெட்டியில்தான் ஏறுவார். பிளாற்போம் முழுக்க நடந்து அந்த நுனிக்குப் போய் நிற்பார். நானும் பின்னால் இழுபட வேண்டும்.

"என்னத்துக்கு அண்ணை இவ்வளவு தூரம் நடக்கிறம்?"

"பின்னுக்கு இருக்கிறவங்களைவிட நாங்கள் முதல் போய்ச் சேருவம்."

சேருவோம்தான். எங்கள் ஸ்ரேசனில் படி பின் பக்கம் இருந்தது. நாங்கள் திரும்ப முழுப் பிளாற்போமும் நடந்து வருவதற்குள் பின் பெட்டிக்காரர் எல்லாரும் வீட்டில் தேத்தண்ணி குடித்து முடித்திருப்பார்கள். இதை ஒருநாள் அவருக்குச் சொன்னேன். "அது வேறை, இது வேறை. நாங்கள் முதல் கண்டமோ இல்லையோ?" என்றார். அவருக்கு முதலில் காண வேண்டும். கண்டால் போதும்.

காணுகிறதும் எப்போதும் சரியாக இருக்காது. என் விசா முடிகிற நேரம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு ஒரு ரெர்மீன், நாளும் நேரமும் குறித்து வரச்சொல்லியிருந்தார்கள். என் ஜேர்மன் அப்போது, இப்போதும்தான், நான் வேலை செய்கிற பீற்சாக் கடைக் குசினிக்குள் மட்டும் செல்லும். "உறைப்புக் கூடப் போடவோ?" என்பதைத் தாண்டினால் வழுக்கும். அதனால் அண்ணையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனுசி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டா. அவ்வளவுதான். அண்ணை எழும்பிவிட்டார்.

"வெளிக்கிடடா. மாட்டன் எண்டு சொல்லப்போறா."

"அவ இன்னும் வாயே திறக்கேல்லை, அண்ணை."

"முகத்தைப் பாத்தால் தெரியாதே? வா, மானத்தோடை போவம்."

நானும் பொம்மை மாதிரி எழும்பிப் பின்னால் போனேன். நாங்கள் நடைபாதையின் பாதி போன பிறகு அந்த மனுசி ஓடி வந்து கூப்பிட்டா. கையில் என் பாஸ்போட். மூன்று வருசம் குத்தியிருந்தது. பெருமூச்சு அவவின் மூக்கடைத்த தடிமனுக்கு விட்டது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகு அண்ணை சொன்னார்: "கண் பிழை விடேல்லை. அவவின்ரை முகம்தான் பிழை."

அண்ணையின் மனுசியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணை பத்து வசனத்தில் சொல்வதை அவ ஒன்றில் முடித்துவிடுவா. அந்த ஒன்றுக்கு அண்ணை பயப்படுவார்.

பயப்பட வேண்டிய காரணமும் இருந்தது. நான் அந்தக் கட்டடத்துக்குக் குடி வர முந்தியே அண்ணைக்குக் குதிரைப் பழக்கம். வேலை முடிந்து நேரே பந்தயக் கடை. அங்கே சுவர் முழுக்க ரீவி, தரை முழுக்கக் கிழித்துப் போட்ட துண்டு. தாலிக்கொடி தவிர அக்காவின் நகை எல்லாம் ஒருக்கா அடைவு கடைக்குப் போய் வந்தது என்று சொல்வார்கள். பிறகு ஒரு கோடை, ஊன்ட்றொப்புக் கோயில் திருவிழாவில், அத்தனை சனத்துக்கு நடுவில், அக்கா அவரைக் காமாட்சி அம்மனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினா. எரிகிற கற்பூரத்தில் கையடித்து, இனிச் சூது ஆடமாட்டேன் என்று அண்ணை சத்தியம் பண்ணினார். வெளியே வந்து கால்வாய்க் கரையில் செருப்புப் போடும்போது அக்கா தன் ஒற்றை வசனத்தைச் சொன்னாவாம்.

"இன்னொருக்கா எண்டால் நான் பீலெஃபெல்டுக்குத் தம்பியிட்டைப் போயிடுவன், பை அலுமாரிக்கு மேலைதான் கிடக்கு."

அதற்குப் பிறகு அண்ணை பந்தயக் கடை இருக்கிற தெருவாலேயே போவதில்லை. சுற்றித்தான் போவார். இதையும் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு அவருக்கு அக்கா வேணும்.

பிறகு ஜேர்மனியில் உலகக் கிண்ணக் காற்பந்து வந்தது. நான் அப்போதுதான் ஆசைப்பட்டுத் தமிழ்ச் சனல் வருகிற புது டிஜிற்றல் பெட்டி பூட்டியிருந்தேன். அண்ணை வீட்டில் பழைய பெட்டி. ஜேர்மன்காரன் பந்தை நடு மைதானத்தில் உருட்டிக்கொண்டு நிற்கிறான். என் தலைக்கு மேலே டங் டங் என்று சத்தம். அண்ணை வீடு கூட்டுகிற தும்புத்தடியால் நிலத்தில் இடிக்கிறார். "கோல்! கோல்!" என்று கத்துகிறார். மனுசனுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்போதுதான் என் ரீவியில் பந்து வலைக்குள் போகிறது.

அடுத்த கோலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். எனக்கு அந்த உலகக் கிண்ணம் முழுக்கக் கூரையால்தான் வந்தது.

அண்ணை மேலேயிருந்து இறங்கி வந்து என் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். புதுப் பெட்டி படத்தை விரித்து எடுக்க நேரம் எடுக்கிறது, பழையது அப்படியே கொட்டிவிடுகிறது என்று யாரோ கிடங்கில் சொன்னார்களாம். அவர் முகத்தில் நான் அதுவரை காணாத வெளிச்சம்.

"அப்ப உலகம் முழுக்கப் பிந்தித்தான் பாத்துக்கொண்டிருக்கு, என்ன?"

"எனக்குப் பிந்தினால் என்ன, முந்தினால் என்ன அண்ணை. உங்கடை தும்புத்தடியை மட்டும் நிப்பாட்டுங்கோ."

"மைதானத்திலை நிக்கிறவன்தான் முதல் காணுறான்" என்றார். எங்கோ தூரத்தில் குதிரை ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்துவிட்டு, அடுத்த கோடை தொடங்க முதல் திட்டத்தோடு வந்தார். இங்கிலாந்துக்காரரின் ஒரு இணையத்தளம் இருக்கிறதாம். அதில் குதிரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளுக்கு ஆள் எதிர்த்துக் காசு கட்டலாம். கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இருந்து ரீவி பார்த்துக் கட்டுகிறவர்கள். ரீவியோ பிந்தி வருகிறது. வேலியில் நிற்கிற ஒருவன் எந்தக் குதிரை வெல்லப்போகிறது என்று கண்டு ஒரு சொல் சொன்னால், வீட்டில் இருக்கிற இன்னொருவன் மவுசை அமத்தினால், உலகம் காண முதல் அலுவல் முடிந்துவிடும்.

"அண்ணை, கற்பூரம்?" என்றேன்.

அதற்கும் பதில் வைத்திருந்தார். "சூது எண்டால் என்னடா? தெரியாத ஒண்டிலை காசு போடுறது. தெரிஞ்சு போட்டால் அது சூதே? அம்மாளுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்."

"அக்காவுக்கு?"

"அக்காவுக்குப் பிறகு விளங்கப்படுத்துவம்."

வீட்டில் இருந்து மவுசை அமத்துகிற அந்த இன்னொருவன் யார் என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்க மறக்கிற ஆட்களைத்தானே அதற்குத் தேடுவார்கள்.

சாதாரண ஓட்டங்களில் காசு கட்டாமல் பழகிப் பார்த்தோம். அவர் வேலியில் நிற்பார், நான் வீட்டில் காதில் கைத்தொலைபேசி வயரோடு கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பேன். அவர் மூன்று என்றால் நான் எட்டில் நிற்பேன். மூன்றைத் தேடிப் பிடித்தால் ஓட்டம் முடிந்து குதிரைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பார்கள்.

"எட, பீற்சாவிலை ஒலிவ் வைக்கிறாயெல்லே? அப்பிடி வை விரலை."

"ஒலிவ் ஓடாது, அண்ணை."

ஆனால் ஒன்று. அவருக்குக் கண் இருந்தது. குதிரையைப் பார்க்கமாட்டார். மேலே இருக்கிறவனின் கையைப் பார்ப்பார். கடைசி வளைவில் எல்லாரும் சாட்டையை எடுக்கும்போது எவன் இன்னும் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறானோ, அவனுடைய குதிரையில் ஓட்டம் மிச்சம் இருக்கிறது என்பார். ரீவியில் எல்லாம் ஒரே கூட்டமாக வரும், கை தெரியாது. வேலியில் நின்றால்தான் தெரியும். பழகிப் பார்த்த நாட்களில் அவர் சொன்னது அனேகமாகச் சரியாகவே வந்தது. என் விரல்தான் வரவில்லை.

வேலியில் அந்த வளைவுக்குச் சனத்தை விடமாட்டார்கள். அண்ணைக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. ஜேர்மனியில் செம்மஞ்சள் ஜாக்கெற் போட்டவனை ஒருத்தரும் நீ யார் என்று கேட்கமாட்டார்கள். கையில் ஒரு தும்புத்தடியும் இருந்தால் வழி விட்டு வணக்கமும் சொல்வார்கள். அண்ணை கிடங்கு ஜாக்கெற்றோடு, தன் வீட்டுத் தும்புத்தடியோடு, எஸ்-பான் ஏறிப் பந்தயத் திடலுக்குப் போய், வளைவுக்குள் இறங்கிப் புல்லைக் கூட்டிக்கொண்டு நிற்பார். புல்லை ஏன் கூட்டுகிறாய் என்றும் ஒருத்தரும் கேட்கவில்லை.

பெரிய ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். வருசத்தில் ஒருக்கா நடக்கிற டேர்பி, நாடு முழுக்க ரீவியில் காட்டுவார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உண்மைக் காசு. அக்காவிடம், கிடங்கில் மேலதிக வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாக்கெற் சாட்சி சொன்னது.

நான் காதில் வயரை மாட்டிக்கொண்டு இருக்கிறேன். ரீவியைப் போடாதே, காதை மட்டும் நம்பு என்று சொல்லியிருந்தார். நான் போட்டேன். உலகம் எவ்வளவு பிந்தி இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆசை.

கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் அக்கா. கையில் இடியப்பமும் சம்பலும். தனிக்கட்டை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கொண்டுவந்து தருவா. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை அண்ணையும் நானும் மறந்துபோனோம்.

"என்ன தம்பி, குதிரை பாக்கிறாய்?"

"சும்மா அக்கா. வடிவாய் ஓடுதுகள்."

"கொம்பியூட்டரிலை என்ன?"

"அது... பொம்பிளை பாக்கிறன் அக்கா."

"அப்பாடி, இப்பவாவது புத்தி வந்துது" என்று சந்தோசப்பட்டா. போய்விடுவா என்று பார்த்தால், ரீவியில் தொப்பி போட்ட பணக்காரப் பொம்பிளைகளைக் காட்டினார்கள். ஒருத்தி தலையில் ஒரு பூச்சாடியே இருந்தது. "இதென்ன இது, தலையோ தோட்டமோ?" என்று அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா.

ஓட்டம் தொடங்கியது. காதில் அண்ணையின் மூச்சு. என் விரல் மவுசில். அக்காவின் கண் ரீவியில்.

"வருதுகள்... வருதுகள்... பொறு." என்றார். "எல்லாரும் சாட்டையை எடுத்திட்டாங்கள். ஏழாம் நம்பர்க்காரன் எடுக்கேல்லை. கையைப் பார், இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். ஏழு! ஏழடா! அமத்து!"

என் வாழ்க்கையில் முதல் தடவையாக விரல் சரியாக ஏழில் நின்றது. அமத்தப் போகிறேன். காதில் வேறு குரல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஐயோ. கமராக் கார். டேய், என்னை எடுக்கிறான்."

ரீவியில் குதிரைகள் இன்னும் வளைவுக்கு வரவில்லை. அண்ணை சொன்ன அந்த முந்தின நேரம் முழுக்க என் கையில் இருந்தது. அந்த நேரத்துக்குள் ஒரு அலுவல்தான் பார்க்கலாம். மவுசை அமத்தலாம், அல்லது ரீவியை நிறுத்தலாம். அக்கா முன்னுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு அலுமாரிக்கு மேலே கிடக்கிற பைதான் கண்ணில் வந்தது.

ரிமோட் அக்காவின் மடியில் இருந்தது. நான் பாய்ந்து சுவரடியில் கிடந்த எக்ஸ்ரென்சன் வயரைப் பிடித்து இழுத்தேன். ரீவி கறுத்தது.

"என்ன தம்பி?"

"சூடாகிட்டுது அக்கா. வெடிச்சுப் போடும்."

பெருமையாக நிமிர்ந்தேன். அப்போது அக்காவின் கைப்பையில் ரெலிபோன் அடித்தது. பீலெஃபெல்டில் இருக்கிற அவவின் தம்பி. அவனுடைய வீட்டில் பழைய பெட்டி. நான் வயரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்திலேயே பீலெஃபெல்ட் பார்த்து முடித்துவிட்டது.

"அக்கா, அத்தானுக்கு இப்ப என்ன வேலை?" அவன் கத்தியது எனக்கே கேட்டது. "குதிரையளுக்குப் பக்கத்திலை நிண்டு தும்புத்தடியோடை துள்ளுறார். செம்மஞ்சள் ஜாக்கெற்."

அக்கா ரெலிபோனை மெதுவாக மூடினா. என்னைப் பார்த்தா. என் காதில் இருந்து தொங்குகிற வயரைப் பார்த்தா. எழும்பி வந்து அதை என் காதிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்தா. அவர் கத்திய கத்தில் எட்டி நின்ற எனக்கும் கேட்டது.

"ஏழு வென்றிட்டுது! தூக்கிட்டமடா! அக்காவுக்கு மூச்சு விடாதை. நான் வேலையிலை நிக்கிறன் எண்டு சொல்லு."

அக்கா வயரைத் திருப்பித் தந்தா. "வடிவாய்க் கேக்குது" என்றா. பிறகு படியேறிப் போய்விட்டா.

கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. அலுமாரிப் பக்கமாக இழுபட்டது. பிறகு பாரமில்லாத ஏதோ ஒன்று நிலத்தில் விழுந்தது. நான் எக்ஸ்ரென்சன் வயரையும் பிடித்துக்கொண்டு மேலே ஓடினேன்.

பை வாய் திறந்து கட்டிலில் கிடந்தது. அக்கா சீலை மடித்துக்கொண்டிருந்தா.

"அக்கா, இதைப் பாருங்கோ." வயரை நீட்டினேன். "ரீவியும் கொம்பியூட்டரும் ஒரே வயரிலைதான். நான் இழுக்க ரெண்டும் நிண்டிட்டுது. ஒரு சதமும் கட்டுப்படேல்லை."

அக்கா வயரை வாங்கி, பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா. "மெய்யோ?"

"மெய். ஏழிலை விரலை வைச்சனான், அமத்தேல்லை."

"அவருக்கு இது தெரியுமோ?"

"தெரியாது. அவர் வென்றிட்டம் எண்டு நினைச்சு வந்துகொண்டிருக்கிறார்."

அக்கா கட்டிலில் இருந்தா. பிறகு, "அம்மாள்தான் இழுத்திருக்கிறா" என்றா.

"நான்தான் அக்கா இழுத்தனான்."

"ஓம். உன்னை விட்டால் ரெண்டும் நிக்கிற மாதிரித்தான் இழுப்பாய் எண்டு அவவுக்குத் தெரியும்."

மடித்த சீலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தா. பையை மட்டும் எடுத்து வைக்கவில்லை. நடு வீட்டில், வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தா. "இரு. அவர் வரட்டும்" என்றா.

உலகத்தில் எல்லாவற்றையும் முதலில் கண்ட மனுசன், தன் வீட்டுச் செய்தியை மட்டும் எல்லாருக்கும் கடைசியில் அறிய, எஸ்-பானின் முதல் பெட்டியில் நின்று வந்துகொண்டிருந்தார். பீலெஃபெல்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும்.

வந்தார். ஒரு கையில் தும்புத்தடி, மற்றக் கையில் ஒரு தட்டு ஸ்ரோபெரி. நடு வீட்டில் பை கிடந்தது. அதைத் தாண்டித்தான் வந்தார், காணவில்லை. முகம் முழுக்க அடக்கி வைத்த சிரிப்பு.

"இண்டைக்கு வேலை கூடவோ?" என்று அக்கா கேட்டா.

"சரியான வேலையப்பா. முறிஞ்சு போனன்."

"கூட்டுற வேலையோ?"

"ஓம், கொஞ்சம் கூட்..." என்று தொடங்கியவர் தும்புத்தடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் பையைக் கண்டார். அந்த நீளக் கழுத்து உள்ளே போனது.

"இஞ்சருங்கோ, இருங்கோ" என்றா அக்கா. கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தா. "கதையைப் பிறகு சொல்லுங்கோ. முடிவை நான் சொல்லுறன். ஏழாம் நம்பர் வென்றது. உங்கடை காசு கட்டுப்படேல்லை. நான் பீலெஃபெல்டுக்குப் போகேல்லை."

அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

மெல்லிய குரலில், "தெரிஞ்சு கட்டினால் அது சூதில்லையப்பா" என்றார்.

"சூதில்லைத்தான். அதுக்கு வேறை பேர். மற்றப் பக்கம் ரீவியை நம்பிக்கொண்டு ஒருத்தன் இருந்திருப்பானெல்லே? இந்தத் தம்பியைப் போல ஒரு பேயன். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், ஒரு பை இருக்கும்."

நான் பேயன் என்பதை அண்ணை மறுக்கவில்லை. நானும்தான். மூன்று பேரும் ஸ்ரோபெரி சாப்பிட்டோம். அக்கா பையை எடுத்துக் கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலே வைத்தா. அண்ணை எழும்பிப்போய்க் கதிரையைப் பிடித்தார், ஆடாமல். அவ இறங்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் வெளிக்கிடும்போது படிவரைக்கும் வந்தார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, வேண்டாம் அண்ணை என்று சொல்ல ஆயத்தமானேன்.

"எடேய், நான் கமரா எண்டு கத்தினதுக்கும், நீ வயரை இழுத்ததுக்கும் இடையிலை உன்ரை ரீவியிலை குதிரை வளைவுக்கு வந்துதோ?"

"இல்லை அண்ணை. வரேல்லை."

முகம் மலர்ந்தது. "அப்ப நான் சொன்ன கணக்குச் சரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சில வருசத்தில், எங்கள் ஆட்கள் கனபேர் போன மாதிரி, அவர்களும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். பெரிய ஸ்ரேசனில் வழியனுப்பப் போனேன். "இப்ப நீ அழப்போறாய்" என்றார் அண்ணை. அவர் சொல்லிவிட்டாரே என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரயிலில் அவர்களுக்கு நடுப் பெட்டியில்தான் இடம் பதிந்திருந்தது. அண்ணை முன் பெட்டியைப் பார்த்தார். அக்கா அண்ணையைப் பார்த்தா. நடுப் பெட்டியில் ஏறினார்.

இப்போது அந்த மேல் வீட்டில் ஒரு ஜேர்மன்காரன் இருக்கிறான். நல்லவன், சத்தமே இல்லை. காற்பந்து போகிற நாட்களில் நான் ரீவிக்கு முன்னால் இருக்கிறேன். பந்து நடு மைதானத்தில் உருளும்போது கண் தானாகக் கூரைக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கோல் விழுகிறது. நான் திடுக்கிடுகிறேன்.